இருபத்திரண்டாம் எண் எந்த வீடு?

எனக்குக் கோபம் வந்ததால்தான் இதை எழுதுகிறேன். வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை.

போன மாதம் கஸ்தூரி தொலைபேசியில் அழைத்தாள். ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு நகராண்மைக் கழகத்தின் மதிப்பீட்டுப் பிரிவில், நான் ஓய்வு பெறும்வரை பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள். வீடுகளை அளப்பது, அளந்ததை எழுதி வைப்பது, அதை வைத்து வீட்டு வரி போட உதவுவது. அதுதான் வேலை.

“அக்கா, நல்ல செய்தி லா. இனிமே வெயில்ல வீடு வீடா அலைய வேணாம். ட்ரோன் பறந்து மேலேர்ந்து படம் எடுத்துரும். கூரை எவ்ளோன்னு கம்ப்யூட்டரே சொல்லிரும்.”

“கூரைக்குக் கீழ யாரு இருக்கான்னும் சொல்லுமா?”

“அது நமக்கு எதுக்குக்கா?”

கெட்ட வார்த்தை வாய்வரை வந்தது. கஸ்தூரி நல்ல பெண். அதனால் போனை வைத்துவிட்டேன். பிறகு யோசித்தால், அவளைத் திட்டி என்ன பயன்? நம் ஆட்களில் எத்தனையோ பேருக்குத் தங்கள் வீட்டுப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சேலைக்கு அடியில் வைத்து, அலமாரியைப் பூட்டிவிட்டால் வீடு பத்திரமாக இருப்பதாக நினைப்பு. 

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு இரண்டு இடங்களில் பதிவு இருக்கிறது. ஒன்று நில அலுவலகத்தில் இருக்கும் உரிமைப் பத்திரம். நாம் கிராண்ட் என்போம். அதில் நிலத்தின் லாட் எண், அதாவது மனை எண், இருக்கும், உரிமையாளர் பெயர் இருக்கும். நீங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய சுவர் இருக்காது. மற்றொன்று நகராண்மைக் கழகத்தின் சொத்து அட்டை. அதில் வீட்டு எண், அறைகள், அளவுகள், வரி கட்டுபவர் பெயர் இருக்கும். “பில் எம் பேர்லதான் வருது, அப்ப வீடு என்னுதுதானே?” என்று அலுவலக முகப்பில் வந்து மேசையைத் தட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பில் உங்கள் பெயரில் வந்தால் வரியை நீங்கள் கட்ட வேண்டும். அதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. 

நான் சுங்காய் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பிறந்தவள். ஐந்தாம் படிவம் முடித்தேன், தட்டச்சு கற்றேன், நகராண்மைக் கழகத்தில் முகப்பில் உட்கார்ந்து ரசீது கொடுத்தேன். மதிப்பீட்டுப் பிரிவில் வெளிவேலைக்கு ஆள் கேட்டபோது பெண்கள் யாரும் கை தூக்கவில்லை. வெயில், நாய், வாசலில் நின்று கேலி பேசும் ஆம்பிளைகள். எனக்கு வாய் இருந்தது. கை தூக்கினேன். அளவு நாடா பிடிக்கவும் வீட்டின் படம் வரையவும் போகிற போக்கில் கற்றுக்கொண்டேன். பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை.

அளப்பதைவிடக் கடினம் மனிதர்களிடம் பேசுவது. லகாட் என்ற ஊரில் ஒருவர் வீட்டின் பின்னால் பெரிய குசினி கட்டியிருந்தார். அனுமதி வாங்கவில்லை. நான் நாடாவை வெளியே எடுத்ததும் பதறிப் போனார்.

“அக்கா, அத விட்டுருங்க லா. அது குசினியே இல்ல. சாமான் போட்டு வைக்கிற எடம்.”

உள்ளே அவர் மனைவி மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

“சாமான் நல்லா வாசம் அடிக்குதே அண்ணே,” என்றேன்.

அளந்து எழுதினேன். அனுமதி இல்லை என்பதையும் சேர்த்து எழுதினேன். படாரென்று கேட்டைச் சாத்தினார். சில ஆண்டுகள் கழித்து வீட்டை விற்கப் போனபோது அதே மனிதர் முகப்புக்கு வந்து நின்றார். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர், அனுமதி இல்லாத குசினியை வீட்டு மதிப்பில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். “எவ்ளோ அழகா கட்டுன குசினி! அவனுக்குக் கண்ணு தெரியலயாக்கா?” என்று என்னிடம் கேட்டார். அன்றைக்கு என்னிடம் என்ன சொன்னார் என்று நினைவுபடுத்தினேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை. வரிக்குப் பயந்து இருக்கும் அறையை இல்லை என்று சொல்கிறார்கள். விற்கும்போது மட்டும் அந்த அறை திரும்பி வர வேண்டும் என்கிறார்கள்.

இனி என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புவான் ரோஸ்னா. புவான் என்றால் மலாயில் அம்மையார். மலாய்க்காரப் பெண், என்னைவிட வயதில் சின்னவர். அவர் வந்து சேர்ந்த முதல் வாரமே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. பாஜு குரோங் என்ற நீள உடைக்குக் கீழே ஓடுகிற சப்பாத்து போட்டுக்கொண்டு வருவார். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அப்போது பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்துத் திட்டு வாங்க வேண்டும். நான் கத்திப் பழகியவள். எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

நாங்கள் கொண்டுவந்து வைக்கும் ஒவ்வொரு அட்டையையும் விரலை வைத்துப் படிப்பார். “பின் அறை. பார்த்தீர்களா?” என்று மலாயில் கேட்பார். “வீட்டுக்காரர் சொன்னார்” என்றால் சிவப்புப் பென்சிலால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார். கேள்விக்குறி போட்ட அட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போக வேண்டும். பூட்டிய வீட்டுக்கு உள்ளே மூன்று அறை என்று ஒருமுறை எழுதிவிட்ட சக ஊழியரை, அந்த வீட்டுக்காரர் கிளந்தானிலிருந்து திரும்பி வரும்வரை அந்த அட்டையை முடிக்க விடவில்லை.

அவருடைய இன்னொரு விதி: வீட்டு எண்ணைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். முதலில் சாலை முனையில் எல்லைக்கல்லைத் தேட வேண்டும். புல்லுக்குள் புதைந்திருந்தால் தோண்ட வேண்டும். நில அளவைப் படத்தைத் திசை பார்த்துத் திருப்பிப் பிடித்து, கல்லிலிருந்து லாட் லாட்டாக எண்ணிக்கொண்டே நடக்க வேண்டும். படத்தில் எண்ணியதும் தரையில் எண்ணியதும் ஒன்றாக இருந்தால்தான் நிமிர்ந்து வாசலில் உள்ள எண் பலகையைப் பார்க்கலாம். கல்லுக்காகப் புல் தோண்டும்போது எனக்கு வரும் எரிச்சலைச் சொல்லி முடியாது. “எண்ணைப் பார்த்துக் கதவைத் தட்டுவதற்குப் போஸ்ட்மேன் போதாதா?” என்று ஒருநாள் கேட்டே விட்டேன். “போதாது” என்றார். விளக்கம் கொடுக்கவில்லை.

விளக்கம் பிறகு கிடைத்தது. 

ஈப்போவுக்கு வெளியே ஒரு தோட்டத்தை விற்றபோது, அங்கே பால் வெட்டியவர்களுக்கு என்று ஒரு குடியிருப்பு, எங்கள் பேச்சில் தாமான், கட்டிக் கொடுத்தார்கள். சின்னச் சின்ன வீடுகள். ஒரு தெருவுக்கு இரண்டு பக்கமும் வரிசை. ஒற்றைப்படை எண்கள் எல்லாம் வடக்குப் பார்த்த வாசல். எதிரே இரட்டைப்படை எண்கள் எல்லாம் தெற்குப் பார்த்த வாசல். மறுமதிப்பீட்டுக்காக அந்தத் தாமானுக்கு நான் போனது, நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால்.

விதிப்படி கல்லைத் தேடி எடுத்து எண்ணிக்கொண்டே போனேன். பத்தொன்பதாம் எண் வீட்டைத் தாண்டியதும் அடுத்தது இருபத்தொன்றாக இருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் பலகை இருபத்திரண்டு என்றது. அதற்கடுத்த வீடு இருபத்து மூன்று. திரும்பி எதிர்ப்பக்கம் பார்த்தேன். இருபதுக்கும் இருபத்து நான்குக்கும் நடுவில், பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் இருபத்தொன்று என்ற பலகை. அந்த வீட்டு கேட்டில் ‘விற்பனைக்கு’ என்று அட்டை தொங்கியது.

இருபத்திரண்டு என்ற பலகை போட்ட வீட்டின் வாசலில் ஓர் அம்மா செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். லெட்சுமி அக்கா. தோட்டத்தில் பால் வெட்டி, தோட்டம் போன பிறகு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கணவர் முனியாண்டி காலமாகிவிட்டார். மகள் கிள்ளானில். 

“நகராண்மைக் கழகத்துலேர்ந்து ரீத்தா. என்னாக்கா, நம்பர் தாறுமாறா இருக்கு?” என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். “அது பெரிய கத லா. மொதல்ல பசியாறு, வா.”

கதை இதுதான். வீடுகளைக் குலுக்கிப் போட்டுக் கொடுத்தார்கள். முனியாண்டிக்கு இருபத்திரண்டு விழுந்தது. தெற்கு வாசல். சாவியைக் கையில் வாங்கியவர் உள்ளே கால் வைக்க மாட்டேன் என்று தெருவிலேயே நின்றுவிட்டார். தெற்கு எமன் திசையாம். எதிரே வடக்கு வாசல் இருபத்தொன்று, சூசைக்கு விழுந்திருந்தது. இருவரும் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள். “நீ வேதக்காரன்தானே, ஒனக்கு எமன் தொல்லை இல்லல்ல?” என்று முனியாண்டி கேட்டார். “எமன் வந்தா பூசை வச்சு அனுப்பிடுறேன், குடு சாவிய,” என்றார் சூசை. தெரு நடுவில் நின்று சாவியை மாற்றிக்கொண்டார்கள்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். கடிதம், அடையாள அட்டை, மின்சாரம் எல்லாவற்றிலும் அவரவர் எண் பதிந்திருந்ததால், வீட்டு எண் பலகைகளையும் கழற்றி, ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிவிட்டார்கள். எண் மனிதர்களோடு நடந்து போனது. நிலம் அங்கேயேதான் இருந்தது. 

“சாமான் மாதிரி நம்பரையும் தூக்கிட்டு வந்தீங்களா?”

“பின்ன? அது எங்க நம்பர்தானே?” என்றார் லெட்சுமி அக்கா. 

நான் அவர் கொடுத்த தேநீரைக் குடிக்கவில்லை. பிறகு வந்த கிராண்ட் எதை வைத்து எழுதப்பட்டிருக்கும்? குலுக்கல் பட்டியலை வைத்துத்தான். அப்படியானால் முனியாண்டி பெயரில் இருப்பது எதிரே பூட்டிக் கிடக்கும் வீட்டின் லாட். லெட்சுமி அக்கா பின்னால் இரண்டு அறை இறக்கி, அனுமதி வாங்கி, பளிங்குக்கல் பதித்து, சாமி அறை கட்டியிருக்கும் இந்த வீட்டின் லாட் சூசை பெயரில். கணவர் இறந்ததும் கிராண்டை ஒழுங்காகத் தன் பெயருக்கு மாற்றியும் வைத்திருந்தார் அவர். எதை மாற்றினார்? எதிர் வீட்டை. நில அலுவலகத்தில் யாரும் தெருவுக்கு வந்து பார்ப்பதில்லை. எங்கள் அலுவலகத்திலிருந்து முன்பு வந்தவர்கள் பலகையைப் பார்த்துக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். 

“எதிர் வீட்ட யாருக்கா விக்கிறது?”

“சூசையும் அவர் சம்சாரமும் போய்ச் சேந்துட்டாங்க. பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் எழுதியாச்சு. மக தைப்பிங்ல நர்ஸ். மவன் அந்தோணிதான் விக்கிறான். தவுக்கே ஒருத்தர் வந்து பாத்துப் பேசிட்டாராம்.”

தவுக்கே என்றால் சீன முதலாளி. அவர் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தோணி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போகும் கிராண்டோ, லெட்சுமி அக்கா உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கு உரியது. பெயர் மாறிவிட்டால் அதன் பிறகு அவர் அந்நியன் வீட்டில் குடியிருப்பவர். 

சொன்னேன். எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. “அக்கா, சட்டப்படி இந்த வீடு ஒங்களுது இல்ல.” 

அவர் முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். படத்தை விரித்து, கல்லிலிருந்து எண்ணிக் காட்டினேன். முகம் மாறியது. 

“எழுதாத ரீத்தா,” என்றார். “நீ பாக்கலன்னு போயிரு. இத்தன வருசம் யாரும் பாக்கல.”

“எழுதலன்னா தவுக்கே வீட்ட வாங்கிருவாருக்கா. அப்புறம் அவரு ஆள வச்சு அளந்து பாப்பாரு.”

“நீயும் வேதக்காரிதானே? சூசை பிள்ளைங்க பக்கம்தான் பேசுவ.”

ஆம், நான் கத்தோலிக்கப் பெண். அந்தோணி போகும் கோவிலுக்குத்தான் நானும் போகிறேன். அந்தப் பேச்சு சுட்டது. பதிலுக்கு ஏதாவது சூடாகச் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் அதற்குள் படத்தை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டார். அட்டையில் கண்டதைக் கண்டபடி எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

அலுவலகத்தில் ஒரு புத்திசாலி, கம்ப்யூட்டரில் இரண்டு எண்ணையும் மாற்றிப் போட்டுவிட்டால் முடிந்தது என்றார். எங்கள் அட்டையில் என்ன மாற்றினாலும் கிராண்ட் மாறாது என்று அவருக்கு விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. புவான் ரோஸ்னா அட்டையைப் படித்தார். “மாற்றிக்கொண்டதைப் பார்த்தவர் யார்?” என்று கேட்டார். “அந்தம்மா சொன்னார்” என்றேன். சிவப்புப் பென்சில் கீழே இறங்கியது. கேள்விக்குறி. 

எனக்கு ரத்தம் கொதித்தது. “இதற்குமா?”

“இதற்குத்தான்,” என்றார். குரல் ரொம்பவும் இறங்கியிருந்தது. “நாளைக்கு அவர்களுடைய பிள்ளைகள் அப்படி நடக்கவே இல்லை என்று சொன்னால் உங்கள் அட்டைக்கு என்ன மதிப்பு?” பிறகு இரண்டு வீட்டு உரிமையாளர்களையும் அளவு பார்க்க நேரில் வரச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். நில அலுவலகத்துக்கும், லாட்டும் வீடும் பொருந்தவில்லை என்று எழுதினார்.

அந்தோணி ஈப்போவில் கார் விற்கும் ஆள். மடிப்புக் கலையாத சட்டை. தாமானுக்கு வந்ததும் என்னைத் தனியாக அழைத்தான்.

“அக்கா, நீங்க நம்ம கோவில் ஆளு. உண்மையச் சொல்லுங்க. அந்தப் பளிங்குக்கல் போட்ட வீடு எங்களுதா?”

“கிராண்ட்படி, ஆமா.”

அவன் முகம் கல்யாண வீடு மாதிரி ஆனது. நான் பொய் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். பொய் சொல்லி அவனை விரட்டிவிட்டு, பதிவு சரியாக இருக்க வேண்டும் என்று நான் யாருக்குப் பாடம் நடத்துவது?

சற்று நேரத்தில் அவன் அக்கா பிலோமினா தைப்பிங்கிலிருந்து வந்து இறங்கினாள். ஈப்போவில் கொளுத்தும் வெயில். கையில் குடை. 

“இங்க மழ இல்ல லா,” என்றான் அந்தோணி.

“எங்க ஊர்ல கெளம்பும்போது இருந்துச்சு. எப்பவும் இருக்கும். வெசயத்துக்கு வா.”

புவான் ரோஸ்னா நாடாவின் நுனியை அந்தோணி கையில் கொடுத்தார். “உரிமையாளர் நீங்கள். பிடியுங்கள்,” என்றார். அது வழக்கம்தான், உதவிக்கு ஆள் இல்லை என்றால் வீட்டுக்காரரைப் பிடிக்கச் சொல்வோம். ஆனால் அன்றைக்கு எனக்கு உதவ ஆட்கள் இருந்தார்கள். அவன் நாடாவைப் பிடித்துக்கொண்டு லெட்சுமி அக்கா வீட்டு முன்னறைச் சுவரிலிருந்து பின்சுவர்வரை நடந்தான். நான் அளவைப் படித்தேன். புவான் எழுதினார். பின்னால் கட்டிய அறைகளைத் தனியாக அளக்கச் சொன்னார். அனுமதிப் படத்தை விரித்து, அதில் விண்ணப்பித்தவர் பெயர் முனியாண்டி என்று இருந்ததையும் எழுதினார். சாமி அறை வாசலில் அந்தோணி நின்றுவிட்டான்.

லெட்சுமி அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “போ தம்பி. சப்பாத்தோட போ. ஒன் வீடுதானே.”

அவன் சப்பாத்தைக் கழற்றினான். ஆனால் பேச்சை விடவில்லை.

“அத்த, நான் ஒங்கள வெளிய போகச் சொல்லல. ஆனா பேப்பர்ல என்னா இருக்கோ அதான் லா பேச்சு. அப்பா சும்மா வாயால மாத்துனாரு. கவர்மெண்டு மாத்தல.”

“ஒங்கப்பன் பேச்சு ஒனக்குச் சும்மாவாடா?”

“கட்டுன செலவு என்னான்னு சொல்லுங்க. பேசிக்கலாம்.”

“செலவா? ஒங்கப்பா இந்தச் சொவரு எழுப்ப மண்ணு சொமந்தாரு. அதுக்கு எவ்ளோன்னு நீ சொல்லு, நானும் குடுக்கணும்ல?”

அந்த இடத்தில் புவான் ரோஸ்னா பென்சிலை நிறுத்தினார். தமிழ் அவருக்குத் தெரியாது. சத்தம் புரிந்தது. பிலோமினாவைப் பார்த்து மலாயில் கேட்டார்: “உங்கள் அப்பாவும் இவர் கணவரும் வீட்டை மாற்றிக்கொண்டார்கள் என்கிறார்கள். நீங்கள் பார்த்தீர்களா?”

 அவள் இல்லை என்று சொன்னால் லெட்சுமி அக்கா சொல்வதைக் கேட்பாரில்லை. பங்கு அவளுக்கும்தான் வரப் போகிறது.

“பார்த்தேனா?” என்றாள் பிலோமினா. “அந்த நம்பர் பலகைய ரோட்டத் தாண்டித் தூக்கிட்டுப் போனதே நான்தான். இவன் அம்மா இடுப்புல இருந்தான். அப்பா ஆணி அடிச்சாரு, நான் பலகையப் பிடிச்சேன். கோணலா பிடிச்சேன்னு தலையில ஒரு குட்டு வேற.” முதலில் தமிழில் தம்பிக்குச் சொன்னாள். பிறகு மலாயில் புவானுக்குச் சொன்னாள். 

“நீ அப்ப சின்னப் பிள்ள, ஒனக்கு என்னா தெரியும்?” என்றான் அந்தோணி.

“குட்டு வாங்குனவளுக்குத் தெரியும். அப்பா குடுத்த சாவிய திருப்பிக் கேக்க நீ யாருடா?”

புவான் ரோஸ்னா சட்டைப்பையிலிருந்து அழிப்பானை எடுத்தார். அட்டையில் இருந்த சிவப்புக் கேள்விக்குறியை நிதானமாக அழித்தார். அந்த இடத்தில், குடியேறிய நாளிலேயே வீடுகள் மாற்றிக்கொள்ளப்பட்டன என்றும், நேரில் பார்த்த உரிமையாளர் ஒருவர் உறுதி செய்தார் என்றும் எழுதி, பிலோமினாவைக் கையெழுத்துப் போட வைத்தார். உரிமையாளர் என்ற இடத்தில் கிராண்ட்படி சூசை பிள்ளைகளின் பெயர்கள். குடியிருப்பவர் என்ற இடத்தில் லெட்சுமி. பின் அறைகளைக் கட்டியவர் முனியாண்டி. யாருக்கும் கூட்டவில்லை, யாருக்கும் குறைக்கவில்லை. லெட்சுமி அக்கா தட்டில் வைத்த கேக்கில் ஒரு துண்டைக்கூடத் தொடாமல் கிளம்பினார்.

அந்தோணி அன்றைக்கே மனம் திருந்திவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அது இல்லை. தவுக்கேயின் வழக்கறிஞர் விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. தவுக்கேவுக்குப் பூட்டிய காலி வீடுதான் வேண்டும். ஒரு அம்மாவும் சாமி அறையும் உள்ளே இருக்கிற வீட்டை வாங்கி அவர் என்ன செய்வார்? விலகிக்கொண்டார். அடுத்து வந்தவரும் பதிவைப் பார்த்துவிட்டு விலகினார். அந்தோணி கையில் இருந்த கிராண்டுக்கு உரிய வீட்டில் அவனால் நுழைய முடியவில்லை. அவன் நுழையக்கூடிய வீட்டை அவனால் விற்க முடியவில்லை. லெட்சுமி அக்காவுக்கும் அதே கதி. சுவரில் ஒரு விரிசல் விழவில்லை, கூரையில் ஓர் ஓடு நகரவில்லை. இரண்டு வீடும் சந்தையில் செல்லாக்காசு. பதிவு என்றால் வெறும் காகிதம் என்று சொல்பவர்கள் அந்தத் தெருவில் வந்து நின்று பார்த்திருக்க வேண்டும். 

ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் அந்தோணி என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். லெட்சுமி அக்காவோ போனை எடுக்கவே மாட்டார். பிலோமினா மட்டும் அழைப்பாள். தம்பியிடம் மாதாமாதம் வந்து சண்டை போட்டாள். கடைசியில் அவன் இறங்கி வந்தது அக்கா பேச்சுக்கா, விற்க முடியாத எரிச்சலுக்கா என்று என்னைக் கேட்டால், எரிச்சலுக்குத்தான் என்பேன். சம்மதம் என்றால் சம்மதம்தான். அவன் மனசை அளக்க என்னிடம் நாடா இல்லை.

ஒருவர் லாட்டை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். குறைந்த விலை வீடுகள் என்பதால் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். அது வரக் காத்திருந்தோம். வந்ததும் எல்லாரும் நில அலுவலகத்துக்குப் போனோம். லெட்சுமி அக்காவைக் காரில் ஏற்றிப் போனது நான்தான். வழி முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். 

மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் இளைஞர், மலாய் அதிகாரி. மரியாதையான பையன். அந்தோணியும் பிலோமினாவும் முதலில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தோணி பேனாவை அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்துவிடும் என்று நினைத்தேன். பிறகு அதிகாரி பத்திரத்தை லெட்சுமி அக்கா பக்கம் திருப்பினார். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் போடுகிறார்களா என்று அவர் கேட்டாக வேண்டும். கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

“அக்கா, ஒங்க வீட்ட அவங்களுக்குக் குடுத்துட்டு, அவங்க வீட்ட நீங்க எடுத்துக்க முழுச் சம்மதமான்னு கேக்குறாரு.”

அவர் நிமிர்ந்து அந்த அதிகாரியைப் பார்த்தார். அந்தோணியைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

“யாரு வீட்ட யாரு எடுத்துக்கிறது? அவருகிட்ட நல்லாச் சொல்லு ரீத்தா. எம் வீட்டுக்காரரும் இவங்கப்பாவும் நடுரோட்டுல நின்னு அன்னிக்கே மாத்திக்கிட்டாங்க. மாத்துனது மாத்துனதுதான். இவங்க இன்னிக்குத்தான் எழுதுறாங்க.”

ஒரு சொல்லும் விடாமல் மலாயில் சொன்னேன்.